பதினேழாம் அத்தியாயத்தில் நான் செத்துப்போகிறேன்

கொருக்குப்பேட்டை கேட்டைப் பற்றி
நாற்பது நிமிடம் பேசினார் பேராசிரியர்.
மூடிய கேட் என்றால் வர்க்கமாம்.
இந்தப் பக்கம் வியர்வை, அந்தப் பக்கம் காற்று.
நடுவில் நிற்கும் டாங்கர் வேகன்கள்
நகர மறுக்கும் வரலாறாம்.
மேடையில் என் தம்பி தலையைக் குனிந்து
பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.
ரேஷன் கார்டில் தேசப்பன், அட்டையில் தேசன்.
பொய் சொன்னால் சின்ன வயதிலிருந்தே
எதையாவது திருகுவான்.

நான் கடைசி வரிசை.
மணலியில் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தது,
நகக்கண்ணில் இன்னும் அட்டைப்பெட்டிக் கோந்து.
நாவலில் எனக்குப் பெயர் செவ்வந்தி.
பதினேழாம் அத்தியாயத்தில்
தண்ணீர் லாரிக்கு ஓடி
சக்கரத்தில் விழுந்து செத்துப்போகிறேன்.
நீலக் குடம் மட்டும் உருண்டு உருண்டு
தண்டவாளம் வரை போகிறது.
"அந்த எடத்துல அழுதுட்டேங்க"
என்றாள் பக்கத்து நாற்காலிப் பெண்.
அப்படியா என்றேன்.

குடம் நீலமில்லை.
பச்சை. அடியில் கீறல்,
துணிசோப்பைக் குழைத்து நான்தான் அடைப்பேன்.
வீடு போய்ச் சேர்வதற்குள்
கால் குடம் என் நைட்டிக்கு.
நீலம் கடல், கடல் எல்லோருக்கும் பொது
என்று விளக்கினார் பேராசிரியர்.
காசிமேட்டு ஆள் ஒருத்தர் இருந்திருந்தாலும்
சிரித்திருப்பார்.

கேட் மூடியது உண்மை.
டாங்கர் ரயில் ஊர்ந்தது, நின்றது,
பின்னால் போனது, மறுபடி ஊர்ந்தது.
காலேஜ் சிநேகிதன் புது வண்டியில்
இவனைக் கொண்டுவந்து விட்டிருந்தான்.
"உங்க வீடு எது?"
தம்பி கை நீட்டினான்
வேகன்களுக்கு அந்தப் பக்கம்,
மாடியில் தொட்டிச்செடி வைத்த வீட்டை.
"கேட் தொறக்க நேரமாவும், நீ கிளம்பு."
மூன்றடி தள்ளி
இடுப்பில் குடத்தோடு நின்றேன்.
என்னைப் பார்த்தான்,
தண்ணீர் லாரியைப் பார்ப்பதுபோல்கூட இல்லை.
லாரி என்றால் ஓடிவருவானே.

சிநேகிதன் போனபின்
பேசாமல் குடத்தை வாங்கிக்கொண்டான்.
சோப்பு கரைந்து
இஸ்திரி போட்ட சட்டையெல்லாம் ஈரம்.
அதை எங்கேயும் எழுதவில்லை.

நாவலில் சிநேகிதன் வீட்டுக்குள் வருகிறான்.
செவ்வந்தி சொம்பில் தண்ணீர் தருகிறாள்.
அவன் தயங்குகிறான்,
குடிக்காமலே கீழே வைக்கிறான்.
பாவம் அந்தப் பையன்,
அவனை யாரும் கூப்பிடவே இல்லை.
கொடுத்திருந்தால் குடித்திருப்பானோ என்னவோ.
முந்நூறு பக்கமும் அவன்மேல் கோபப்பட்டு
களைத்துப் போகிறார்கள் வாசகர்கள்.

கேள்வி நேரத்தில் மைக்
கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது.
தம்பி நிமிர்ந்தான்.
மூடி திருகுவது நின்றது.
இருபது வருஷம் கழித்து
அதே மூன்றடி.
"செவ்வந்தி எதுக்கு சாவணும்?" என்றேன்.
பேராசிரியர் தொண்டையைச் செருமினார்:
குறியீடு, தியாகம், அமைப்பின் வன்முறை.
தம்பி அவர் கையைத் தொட்டு நிறுத்தி
"அவ உயிரோட இருந்தா
நான் எழுதினத படிச்சிடுவா" என்றான்.
நல்ல பதில் என்று கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன், கோந்துக் கையால்.

திரும்பும்போது கேட் மூடியிருந்தது.
ஷேர் ஆட்டோக்காரர் என்ஜினை அணைத்தார்.
சும்மா இருக்க முடியாமல்
வேகன்களை எண்ணத் தொடங்கினேன்.
முப்பத்தொன்றில் ரயில் நின்று
மெதுவாகப் பின்னால் நகர்ந்தது.
முப்பது, இருபத்தொன்பது என்று
கழிக்க ஆரம்பித்தேன்.