முழுப்பேர்

கொழும்பிலிருந்து வந்தவரின் விலைச்சீட்டு டொலரில்.
கோர் ஒன்றுக்கு இவ்வளவு,
வருடம் புரண்டால் மறுபடி இவ்வளவு.
நடுச்சாமத்திலும் போனை எடுப்பார்களாம்.
அவர் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது.
ஹட்டன் அப்படி.

மற்றது சும்மா கிடைக்கிறது.
போன ஆனி மழையில் சேர்வர் விழுந்த இரவு
மூலநிரலைத் திறந்து விடியும்வரை படித்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரிக்கு மேல்
எவனோ எழுதி வைத்திருந்தான்:
‘இது தற்காலிகம், மன்னிக்கவும்.’
பதினொரு வருடத் தற்காலிகம்.
சிரித்துவிட்டேன். பிறகுதான் திருத்தினேன்.

அதற்குள் மேற்பிரிவில்
முப்பத்தாறு பேரின் கொழுந்து நிறை ஏறாமல்
அரைப்பேர் என்று பதிந்திருந்தது.
முத்துவடிவு மட்டும் ஒபிஸ் வாசலில் வந்து நின்றாள்,
நனைந்த துண்டுச்சீட்டோடு.
அதில் பத்தொன்பது கிலோ.
ஒன்றும் பேசவில்லை. சீட்டை மேசையில் வைத்தாள்,
காயட்டும் என்பதுபோல.

“நாளைக்கு விழுந்தால் யாரைத் திட்டுவது?”
மெண்டிஸ் துரைக்கு இருந்த ஒரே கேள்வி அது.
டொலர் கேட்பது சேர்வருக்காக அல்ல,
திட்டுவதற்கு ஒரு பெயருக்காக
என்று அப்போதுதான் விளங்கியது.

கொழும்பார் பேனா மூடியைக் கழற்றினார்.

என் பேரைப் போடுங்கள் துரை, என்றேன்.
முழுப்பேர்.