உப்பிட்டவர்

நானூறு பிள்ளைகளுக்குச் சமைப்பவள் நான்.
ரீகாவில், டௌகவா ஆற்றின் அக்கரைப் பள்ளிக்கூடத்தில்
பீட்ரூட் சூப்பும் பார்லிக் கஞ்சியும்
பதினொன்றரைக்கெல்லாம் தட்டில் விழும்,
தட்டுகள் வழித்துத் திரும்பி வரும்.
வீட்டில் ஒரே ஒருவன்.
அவனுக்குத்தான் என் கைப்பக்குவம் பிடிக்கவில்லை.

குங்ஸ் என்று பெயர். துரை என்று அர்த்தம்.
ஒரு கைக்குள் அடங்கிய நாளில்
விளையாட்டாக வைத்தேன்.
பதினேழு வருஷமாக அவன் அதை
விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் எக்லீட்டிஸ் தராசில் நிறுத்தினார்.
மூன்று கிலோ இருநூறு. போன வசந்தத்தில் நாலு.
"சிறுநீரகம் களைத்துவிட்டது" என்றார்,
ஏதோ அது ஷிஃப்ட் முடித்து வந்ததுபோல.
பாஸ்பரஸ் குறையட்டும். தண்ணீர் கூடட்டும்.
உப்பு வேண்டாம். புகைமீன் வேண்டவே வேண்டாம்.
ஆனால் பட்டினி மட்டும் போட்டுவிடாதீர்கள்,
இரண்டு நாள் போதும், ஈரல் படுத்துவிடும்.

டப்பா ஒன்றின் விலை என் அரை நாள் கூலி.
திறந்தேன். முகர்ந்தான்.
முன்காலால் தரையைச் சுரண்டி
இல்லாத மண்ணை அள்ளி
அதன்மேல் போட்டான்.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே.

மூக்கு மங்கியிருக்கும் என்று
வெந்நீரில் டப்பாவை வைத்து
எலியின் உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தேன்.
மண் போட்டான்.
மீசை இடிக்கும் என்று கிண்ணத்தை எடுத்துவிட்டு
தட்டையான சாஸர்.
மண்.
கோழி வேகவைத்த தண்ணீரை மேலே ஊற்றி,
தண்ணீரை மட்டும் நக்கிவிட்டு
மண்.
விரல் நுனியில் நீட்டினேன்.
விரலை நக்கினான், மரியாதைக்கு.

புலி பசித்தாலும் புல் தின்னாதாம்.
புலி எதைத் தின்று உயிரோடிருக்கிறது என்று
யாரும் சொல்லவில்லை.
மூன்று நாளாயிற்று, எடை குறையவில்லை.
நாலாம் நாள் இருபது கிராம் ஏறியது.
சமையல்காரிக்குக் கணக்கு தெரியாதா?

மாடிப்படியில் பின்தொடர்ந்தேன்.
இரண்டாம் தளத்தில் ஓயார்ஸ் வீட்டுக் கதவு
ஒரு பூனை அகலத்துக்குத் திறந்திருந்தது.
உள்ளே செய்தித்தாள் விரித்து,
தங்க நிறத்தில் புகைந்த ஸ்ப்ராட் மீன்கள்,
வால் கிள்ளி, முள் நீக்கி, வரிசையாக.
குங்ஸ் கண்மூடித் தின்றுகொண்டிருந்தான்.
ஓயார்ஸ் அவன் தின்பதை
வாய் லேசாகத் திறந்து
பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்தலாம் என்றுதான் போனேன்.
அவர் சட்டைக் கையை உயர்த்தினார்.
முழங்கைக்கருகே ஊசித் தடங்கள், புடைத்த நாளம்.
செவ்வாய், வியாழன், சனி. டயாலிசிஸ்.
"எனக்கும் இதெல்லாம் கூடாது" என்றார்.
"சந்தையில் வாங்காமல் வரமுடியவில்லை.
யாராவது தின்றால் போதும் என்றிருந்தது."

என்ன சொல்வது?
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிற ஜீவன்
என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது அடுக்களையில் இரண்டு பாத்திரம்.
ஒன்றில் உப்பில்லாத கோழி, அரிசி, சோம்புக்கீரை;
உருளைக்கிழங்கை இரண்டு தடவை வேகவைத்து
அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டுமாம், அவருக்கு.
மற்றதில் டாக்டரின் கூழ், சூடாக, இவனுக்கு.
ஆறரை மணிக்கு ஓயார்ஸ் மேலே வருகிறார்,
ஒவ்வொரு தளத்திலும் நின்று நின்று.
மீன் வாங்குவதில்லை என்று சத்தியம் செய்தார்.
கைவிரலை மோந்து பார்க்கும் வேலையை
குங்ஸிடம் விட்டிருக்கிறேன்.

முதல் நாள் இருவரும் தட்டைப் பார்த்தார்கள்,
பிறகு என்னை,
பிறகு ஒருவரையொருவர்.
ஓயார்ஸ் ஒரு வாய் எடுத்தார், முகம் சுளித்தது.
கீழே ஒரு கால் உயர்ந்தது, மண் போட.
உயர்ந்தபடியே நின்றது.
அவர் இரண்டாம் வாய் எடுத்தார், வேண்டுமென்றே சப்தமாக.
கால் இறங்கியது.

பதினோரு நக்கல். எண்ணினேன்.
பன்னிரண்டாவதுக்கு
அவன் மனம் வரவில்லை.
ஓயார்ஸ் மெதுவாகக் கேட்டார்,
"மிளகாவது போடலாமா?"