சிவந்ததும்

கடைசி நடை முடிந்து
வண்டியைக் கூட்டும்போது
பின்னிருக்கைக்கு அடியில் ஒரு பை
சொட்டிக்கொண்டிருந்தது.
ஐஸ் உருகிய தண்ணீர். உள்ளே
ஒரு கிலோ இறால், சாம்பல் நிறம்,
மீசைகள் ஒன்றோடொன்று சிக்கி,
மிளகு மிளகாகக் கண்கள்.

மபூட்டோவில் சிற்றுந்துக்குச் சப்பா என்று பெயர்.
அமாந்தியு கோசா அதில் நடத்துநர்.
பையை ஓட்டுநரிடம் காட்டினான்.
"காலைவரை தாங்காது. நீயே கொண்டுபோ.
என் மகளுக்கு இது ஆகாது,
உதடு வீங்கிவிடும்."

இருபத்தாறு வயதில் அமாந்தியு
சமைத்தது மொத்தம் இரண்டு:
தேநீர்,
இன்னொரு தேநீர்.

குளிர்பெட்டி இல்லை. கரி அடுப்பு உண்டு,
முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனது,
அவர்களுடைய அகல வாணலியோடு.
பூண்டு, எலுமிச்சை, எண்ணெய், கொஞ்சம் அரிசி,
விரல்நகம் அளவு மிளகாய்
முனைக்கடையில் வாங்கினான். உப்பு
இருக்கிறது என்று நினைத்தான்.

நம்புலாவில் இருக்கும் தங்கை சுல்மிராவை அழைத்தான்.
முதலில் சிரித்தாள்,
அவன் காசில், இரண்டு நிமிடம்.
பிறகு சொன்னாள்:
தலையைத் திருகு. வீசாதே, வேகவை,
அந்தத் தண்ணீரில் அரிசி போடு.
முதுகைக் கீறிக்
கறுப்பு நூலை உருவு.
பூண்டை நசுக்கு, அரியாதே.
எண்ணெய் காய்ந்ததும் போடு.
ஒருபக்கம், மறுபக்கம்.
சிவந்ததும்

காசு தீர்ந்தது.

சிவந்ததும் என்ன?
மூடவா? தண்ணீர் விடவா?
சிவந்ததும் பொறுமையா, அவசரமா?
ஒரு எச்சத்தை வாணலிக்கு மேல்
தொங்கவிட்டுப் போய்விட்டாள்.
(அவள் பேசியது வேறு மொழி.
என் மொழியின் இலக்கணத்தில் அதற்கு அப்படித்தான் பெயர்.
வினை வந்து சேரும்வரை
வாயைத் திறந்தபடி நிற்கும்.)

முதல் ஆறைப் பொறுமையாக விட்டான்.
தலை இருந்த இடத்தை வால் தொட,
சுழியமாகச் சுருண்டன.
மென்றால் செருப்பு,
கடலில் பலநாள் கிடந்த செருப்பு.

அடுத்த ஆறு அவசரம்.
வெளியே சிவப்பு, நடுவில் கண்ணாடி.
துப்பிவிட்டுத் திரும்பவும் போட்டதில்
பூண்டு கரிந்தது.
ஜன்னலில் உட்கார்ந்திருந்த பூனைக்கு
இந்த இரண்டு ஈட்டிலும் குறையில்லை.

மூன்றாவதில்
நிறத்தை நம்பவில்லை. குனிந்து
உடம்பைப் பார்த்தான்.
நீட்டிப் படுத்திருந்தது மெல்ல
முதுகை வளைத்தது. பாதி வளைவு.
வால் இன்னும் வெளியே.
நானாக இருந்தால் அதை
உ என்று வாசித்திருப்பேன்,
கணக்கு நோட்டில் முதல் பக்கத்து உச்சியில் போடுவோமே, அது.
அவனுக்கு அது எந்த எழுத்தும் இல்லை.
இறக்கினான். எலுமிச்சை பிழிந்தான்.
தலை வெந்த நீரில் சோறு
செங்கல் நிறமாக வெந்திருந்தது.

நின்றபடியே தின்றான். பதினொன்று.
பன்னிரண்டாவதை எடுத்தபோது
பையின் ஞாபகம் வந்தது.
யாரோ ஒருவர் இந்நேரம்
வெறும் சோற்றுக்கு முன்னால்
தன்னையே திட்டிக்கொண்டிருப்பார்.
பன்னிரண்டாவதை
மெதுவாகத் தின்றான்.
எஞ்சியதை டப்பாவில் மூடினான்.

மறுநாள் ஷிபமனினி நிறுத்தத்தில்
வண்டி நிற்கும் முன்பே கதவைத் தட்டினாள்
எர்சிலியா என்று ஒரு பெண்,
முகத்தில் நேற்றைய கோபம்.
"என் பை."
டப்பாவை நீட்டினான்.
திறந்தாள். எண்ணினாள்.
"நான் வாங்கியது ஒரு கிலோ."
"ஆமாம்."
"இதில் பதினான்கு."
"ஆமாம்."
வண்டி முழுக்கக் காத்திருந்தது.
ஓட்டுநர்கூட ஹார்ன் அடிக்கவில்லை.
ஒன்றை எடுத்துக் கடித்தாள்,
தெருவைப் பார்த்தபடி மென்றாள்,
இன்னொன்றை எடுத்தாள்.
"யார் செய்தது?"
"நான்தான்."
"உப்பு?"
அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஏறி உட்கார்ந்தாள்.
கட்டணம் அவளும் தரவில்லை, அவனும் கேட்கவில்லை.
நான்காவது நிறுத்தத்தில்
நம்புலாவிலிருந்து ஒரு குறுஞ்செய்தி:
சிவந்ததும் உப்பு போடு என்று சொல்ல வந்தேன்.
போட்டாயா?

படித்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினான்.
அடுத்த நிறுத்தத்தின் பெயரை
வழக்கத்தைவிடச் சத்தமாகக் கூவினான்.