இவருக்குப் பதில் இவர்

ஆறேகாலுக்குக் குடியாத்தத்தில் கம்பெனி பஸ் ஏறும்போதே
நேற்றைய எபிசோடு பாதி பேசி முடிந்திருக்கும்.
மூன்றாவது சீட்டில் பல்கீஸ்,
டிபன் டப்பாவை முட்டிக்கிடையில் இடுக்கிக்கொண்டு:
“இன்னாத்துக்குடி அவ அதுல எறங்குனா?
பொட்டி எட்டாவது கிணத்துல இக்குதுன்னு
கிளி சொல்லிச்சா இல்லியா?
ஏழாவதுல போயி எறங்கறா, லூசு.”

தெரியாதவர்களுக்குக் கதை இதுதான்.
கார்குழலி என்று ஒரு ராணி.
மந்திரவாதி அவள் நிழலை
ஆட்டுத்தோல்போல் உரித்துப்
பெட்டியில் பூட்டிவிட்டான்.
அன்று முதல் உச்சிவேளையில் மட்டுமே
அரண்மனையை விட்டு வெளியே வருகிறாள்.
அந்த நேரம் எல்லார் நிழலும்
காலடியில் போய் ஒளிந்துகொள்கிறது, யாருக்கும் சந்தேகம் வராது.
நம்ம ஊர் மே மாதத்தில் வந்து நின்றால்
மூன்று மணிவரைகூடத் தாங்கும் என்றாள் யாரோ.

எப்சிபா செக்கிங் செக்‌ஷன்.
ஒரு தையல் நகர்ந்திருந்தாலும்
சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிறவள்.
இருநூற்றுப் பன்னிரண்டாவது எபிசோடில்
ராணி விளக்கேற்றும்போது
பின்சுவரில் நிழல் விழுந்ததைப் பிடித்துவிட்டாள்.
“லைட்காரன் தப்பு. ரிஜெக்ட்.”

பஸ் ஒத்துக்கொள்ளவில்லை.
நிழல் பெட்டியிலிருந்து தப்பித்து
ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டுப் போக வந்தது
என்றாள் தில்லைக்கரசி, கண் கலங்கி.
அது தங்கச்சி நிழல் என்றாள் பல்கீஸ்.
கதையில் தங்கச்சியே இல்லையே?
“வருவா பாரு. எரநூறு தாண்டுனா
எந்தக் கதையிலயும் தங்கச்சி வராம இருக்கமாட்டா.”
மாதனூர் தரைப்பாலத்தில் பஸ் மெதுவானது.
சீரியலே பார்ப்பதில்லை என்று
தினமும் சொல்லும் டிரைவர் கஜேந்திரன்
கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சொன்னார்:
“அது மந்திரவாதி நெழலுங்க.
தூணுக்கு அப்பால நின்னுக்கினு இக்கிறான்.”
கீழே பாலாறு, தண்ணீர் இல்லாமல்.
சிரித்த சிரிப்பில்
ஒருத்தியின் சாம்பார் கொட்டிப்போனது.

கோமளா மட்டும் சண்டையில் சேரமாட்டாள்.
என் பக்கத்தில், ஜன்னலோரம்.
அப்பர் தைக்கும் பதினான்காம் மிஷின்.
ஒரே ஒருநாள் சொன்னாள், வெளியே பார்த்தபடி:
“அவளுக்கே அந்த நெழலு வேணாம் அக்கா.
வந்துட்டா எல்லா நேரமும் வெளிய போவணும்.
இப்ப மத்தியானம் மட்டும் போதும்.
வேணும்னுதான் தப்பான கிணத்துல எறங்கறா.”

அதற்கடுத்த வாரம் அவள் வரவில்லை.
செவ்வாய், புதன்.
வியாழக்கிழமை இரவு
ராணி கதவைத் திறந்து வருகிறாள், வேறு முகம்.
திரைக்குக் கீழே எழுத்து ஓடியது:
கார்குழலியாக இனி இவருக்குப் பதில் இவர்.
மாமியார் திரும்பிப் பார்த்து
“வா மகளே” என்றாள், ஒன்றுமே நடக்காததுபோல.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் மூன்று காரணம்:
சம்பளத் தகராறு.
மாசமாக இருக்கிறாள்.
சினிமாவில் சான்ஸ்.
பதினான்காம் மிஷினில் அன்று
பேரணாம்பட்டுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.
கோமளாவுக்கும் அதே காரணங்கள் சொன்னார்கள்,
மூன்றாவதை விட்டுவிட்டு.

புதுப்பெண் பெயர் ஷப்னம். வாயே திறக்கவில்லை.
நாலாம் நாள் ஜன்னலோரத்திலிருந்து
மெல்ல:
“பழைய ராணிக்குத் தழும்பு இடது கையில.
புது ராணிக்கு வலது கையில.”
எப்சிபா எழுந்து வந்து
அவளுக்குப் பாதி சீட் போட்டாள்.
அப்புறம் ஆம்பூர் வரைக்கும்
யார் பேச்சும் யார் காதிலும் விழவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் கோமளாவுக்குப் போன் போட்டேன்.
ஐந்து நாளாக சுவிட்ச் ஆஃப்,
அன்று எடுத்தாள்.
எங்கே இருக்கே என்று கேட்க வாய் எடுப்பதற்குள்
“பொட்டிய எடுத்துட்டாளா அக்கா?
இங்க டிவி இல்ல.”
இல்லடி, ஏழாவது கிணறுதான் இன்னும்.
“நல்லது” என்றாள்.
பின்னால் குக்கர் விசில், ஒரு ஆண் குரல்.
வைத்துவிட்டாள்.

கம்பெனி முற்றத்தில்
என் செருப்புக்கடியில் நிழல் இருக்கிறதா என்று
குனிந்து பார்த்தேன்.
மணி பன்னிரண்டரை.
பெல் அடித்தது.