ஐந்தாம் எண் கூண்டு

கடலூர் துறைமுகத்தில் நேற்றிரவிலிருந்து ஐந்தாம் எண் கூண்டு.
ஏற்றியவர் சவரிராயன்,
என் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி.
பத்திரிகைக்காரர்கள் கூண்டைப் படமெடுத்தார்கள்,
கயிறு பிடித்த கையை விட்டுவிட்டார்கள்.

ஆறே காலுக்குப் பேருந்து. பெண்ணையாறு தாண்டிப் புதுச்சேரி.
கோரிமேட்டில் என் மேசைமேல்
தொண்ணூற்றாறு குழி கொண்ட பிளாஸ்டிக் தட்டு,
யாரோ ஒரு கஞ்சன் சுருக்கிச் செய்த பணியாரச் சட்டி.

எல்லாச் செல்லிலும் ஒரே புத்தகம்தான்,
பக்கம் குறையாமல்.
யார் எந்தப் பக்கத்தைப் பசைபோட்டு ஒட்டியிருக்கிறார்கள்
என்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் கேள்வி.

ஒருவர் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்தவை,
ஒரே தூண்டியைத் தொட்டுவைத்தேன்.
மோனோசைட்டுக்குப் பொறுமை கிடையாது.
நான் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள்
ஊரைக் கூட்டிவிட்டது.
டி செல் பத்திரப்பதிவு அலுவலகம்:
ஒருவர் சொன்னால் போதாது, சாட்சிக் கையெழுத்து வேண்டும்.
சாட்சியில்லாமல் போய் நின்றால்
அடுத்த முறை சாட்சியோடு போனாலும்
முகம் கொடுக்காது.

பழைய காய்ச்சலை மறக்காத செல்கள்தான் எனக்குப் பிடித்தவை.
கடிதத்தை எழுதியே வைத்திருக்கின்றன.
அதன்மேல் ஒரு புரதம்
விரல் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறது, வருடக்கணக்காக.
விரலை எடுத்தால் போதும்.

குடலின் உள்சுவர்ச் செல்கள் என் தட்டுக்கு வருவதில்லை.
கோடிக் கிருமிக்கு நடுவே குடியிருந்துகொண்டு
பேசாமல் இருக்கப் பழகியவை என்று படித்திருக்கிறேன்.
சிப்காட் பக்கம் வீடு வாங்கிய என் சித்தி மகள்
"நாத்தமா? எங்கடி?" என்பாள்.
இரண்டும் ஒன்றில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று மணிக்கு வார்டிலிருந்து ஒரு குழாய் வந்தது.
தாழங்குடா. வயது பத்தொன்பது. டெங்கு.
காய்ச்சல் நேற்றே விட்டுவிட்டதாம்.
பையன் பசிக்கிறது என்றானாம்.
அவன் அம்மா கீழே பன் வாங்கிக்கொண்டிருந்தபோது
ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது.

வைரஸைத் தேடினால் கொஞ்சம்தான் மிச்சம்.
செல்கள் இன்னும் கூவிக்கொண்டிருக்கின்றன,
நாளங்கள் அதைக் கேட்டுக் கதவு திறந்து
நீரை வெளியே விடுகின்றன.

குழிகளில் நீலம் ஏறியது. அமிலம் விட்டதும் மஞ்சள்.
அவனுடைய வரிசையில் மட்டும் கருவி எண் தரவில்லை,
அளவுக்கு மேல் என்றது.
பத்து மடங்கு நீர்த்துப் பார்த்தேன். அளவுக்கு மேல்.

செய்தியைக் கிழிப்பதற்கென்றே புரதங்கள் உண்டு.
படித்தாயிற்றா, கிழி. படித்தாயிற்றா, கிழி.
அவனுக்குள் எந்தச் செல்லில் அந்தக் கை ஓய்ந்தது?
நான் நிரப்ப வேண்டிய படிவத்தில்
அதற்குக் கட்டம் இல்லை.

எட்டு மணிக்குப் பேருந்து முதுநகரில் இறக்கிவிட்டது.
மழை இல்லை. புயல் வடக்கே ஆந்திரா பக்கம் திரும்பிவிட்டதாக
டீக்கடைக்காரர் சொன்னார்.
துறைமுக வாசலில் சவரிராயன், கழுத்தில் துண்டு.
மேலே கூண்டு, அதன் விளக்கு, நாலைந்து நட்சத்திரம்.

"இன்னும் இறக்கலையா?"

"மெட்ராஸ்ல இருந்து சொல்லணும்மா.
காத்து நின்னு அஞ்சு மணி நேரம் ஆவுது.
ஏத்துன்னு சொல்றதுக்கு மூணு பேர் போன் பண்ணான்.
இப்ப நான் பண்றேன், எடுக்க ஆளில்ல."

கட்டிப்போட்ட படகுகள் ஒன்றோடொன்று
உரசிக்கொண்டிருந்தன.
"தொங்குனா தொங்கட்டுமேங்கறாங்க," என்றார்.
"நாலு நாளா ஒருத்தன் வீட்ல உலை வைக்கல."

செல்போனை எடுத்து வார்டு எண்ணை அழுத்தினேன்.
அங்கேயும்
மணி போய்க்கொண்டே இருந்தது.