எண்பது வயது மேசை

ஜெபாராவில் மழை விட்ட காலை.
போன மாதம் அறுத்த தேக்கு,
இன்னும் பால்மணம் மாறவில்லை.
வியாழனுக்குள் இதற்கு எண்பது வயதாக வேண்டும்.

கெட்டித் தேயிலைச் சாறு முதலில்.
காய்ந்ததும், மூன்று நாள்
இரும்பு நார் ஊறிய காடி.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே நரைக்கிறது மரம்,
தந்தி வந்த வீட்டு முகம்போல.

சைக்கிள் சங்கிலியால் அடிப்பது வாகித்.
கண்ணை மூடிக்கொண்டு அடிப்பான்.
எனக்கு அது முடியாது, ஆள் வேண்டும்.
ஆகவே இந்த முனையில் ஓர் இடக்கைக்காரி,
வெங்காயம் நறுக்கும்போது பேச்சு நிற்காதவள்.
கத்திக் கீறலெல்லாம் சாய்ந்தே விழும்.
இங்கே, யாரோ கதவைத் தட்ட
அவள் சுடச்சுட இறக்கிவிட்டுப் போன
சட்டியின் வட்டம்.
ஆணிமுனையால் பூச்சித் துளைகள்,
பூச்சிக்கு நேர்கோடு தெரியாது
என்ற நினைப்போடு.

ரோட்டர்டாமிலிருந்து யோரிஸ் வந்தார்.
வட்டத்தின்மேல் வைத்த விரலை
வெகுநேரம் எடுக்கவில்லை.
"யார் செய்தது இது?"
எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.
"நானில்லை, அவள்தான்" என்றேன்,
"மறதிக்காரி."
வாகித் சிரித்துவிட்டான்.
யோரிஸ் சிரிக்கவில்லை.
இன்னும் ஆறு வேண்டும் என்றார்,
ஆறிலும் இதே வட்டம், இதே இடத்தில்.

ஒருத்தி ஆறு வீடுகளில்
ஒரே சட்டியை இறக்குவாளா?
கேட்கவில்லை. மேசைக்கு மேசை கூலி.

வீட்டில் என் மேசை ஃபார்மிகா.
வாங்கி நாலு வருஷம்.
கடையில் ஒட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் தாளை
இன்னும் உரிக்கவில்லை.
நான் சட்டியைத் தூக்கினாலே
உள்ளிருந்து மகன் கத்துவான்:
"அம்மா, அடியில் துணி!"