அட்டை

எங்களுக்கு அட்டை மூன்று வகை.
ஆடி மழையில் பூட்ஸுக்குள் ஏறி
உப்புத்தூள் பட்டால் உதிர்வது ஒன்று.
கேமராவுக்குள் நகத்தளவு கிடந்து
போவது வருவதையெல்லாம் குடிப்பது ஒன்று.
மூன்றாவது
ஏஜென்சிக்காரர் தருவதாகச் சொன்ன அடையாள அட்டை.
அது இன்னும் வரவில்லை.

அப்பர் பவானிக்கு மேலே
சோலை முடிந்து புல் தொடங்கும் வளைவில்
முழங்கால் உயரத்தில்
ஏழாம் எண் கேமராவைக் கட்டியது நான்.
அதன் எதிரே கையை ஊன்றி
நாலு காலில் நடந்து காட்டியது காளன்.
அப்படித்தான் சோதிப்போம்.
எந்தக் கேமராவிலும் முதல் புலி
எங்களில் ஒருத்தன்.

நாற்பது நாள் கழித்து அட்டையைக் கழற்றி
பீடிக்கட்டு உறையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்து
இருபத்திரண்டு கிலோமீட்டர் இறங்கினேன்.
ரேஞ்ச் ஆபீஸில் தர்ஷினி மேடம் எண்ணினார்:
புலி இரண்டு.
செந்நாய் ஒன்பது.
வரையாடு அறுபத்தொன்று.
மனிதர் முந்நூற்று எண்பத்தெட்டு.

மனிதர் என்றால் நாங்கள்தான்.
அரிசி மூட்டையோடு மனிதர்.
பிடுங்கிய சீகை நாற்றைக் கட்டுக்கட்டாய்ச் சுமந்து மனிதர்.
காய்ச்சல்காரக் காளனைத் தோளில் சாய்த்து
ஒன்றரை மனிதர்.
ஒவ்வொரு படத்தின் அடியிலும்
தேதி, மணி, குளிர்.
டிசம்பர் பத்தொன்பது, காலை ஆறு பன்னிரண்டு,
ஒரு டிகிரி.

அதே மேசையின் மறுகோடியில்
ஏஜென்சியின் சம்பளச் சீட்டு:
கேத்தன், டிசம்பர், பதினோரு நாள்.
மீதி இருபது நாளுக்கு
மஸ்டரில் கையெழுத்து இல்லையாம்.
மஸ்டர் இருப்பது இங்கே. நான் இருந்தது அங்கே.
கையெழுத்துப் போட இறங்கி வந்தால்
காட்டைப் பார்த்துக்கொள்வது மஸ்டரா?

"மேடம், அந்த மனிதரை மட்டும்
பேப்பரில் எடுத்துத் தருவீர்களா?"

அவர் கை சுட்டியின் மேல் நின்றது.
உள்ளறைக் கதவைப் பார்த்தார்.
கணக்கில் மனிதப் படம் சேர்க்கக் கூடாது,
இடம் அடைக்கும், அழித்துவிட வேண்டும்,
அதுதான் விதி என்றார்,
ஏதோ கடன் கேட்டவனிடம் சொல்வதுபோல் மெதுவாக.
"டீ குடிச்சீங்களா அண்ணா?"

குடித்தேன்.
திரையில் ஒரு கோடு
இடமிருந்து வலமாக நிறைந்தது.
என் மார்கழி முழுவதற்கும்
டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

வெறும் அட்டையை வாங்கிக்கொண்டு
பால்வண்டியில் பாதி, நடந்து பாதி.
காளனிடம் சொன்னேன்.
அவன் அடுப்பு ஊதுவதை நிறுத்தாமல் கேட்டான்:
"அப்போ இனிமேல் தினமும்
நாலு கால்லயே போயிடலாமா?"

மறுநாள் ஏழாம் எண்ணில் அட்டையைச் சொருகினேன்.
அவன் சொன்னது நினைவு வந்து சிரிப்பு.
ஆனாலும் குனிய வேண்டியிருந்தது:
லென்ஸுக்கு நேரே
விரல் உயரத்தில் ஒரு சீகை நாற்று,
போன வாரம் இல்லாதது.
வேரோடு வரும்வரை இழுத்தேன்.
கேமரா சிவப்பாய்
ஒருமுறை கண் சிமிட்டியது.